“சும்மா வீசிங்தான்!” - தூத்துக்குடி கிளினிக்குகளில் பெயர் சொல்லப்படாத ஆஸ்துமா

இளைப்பு, இழுப்பு, வீசிங், நெஞ்சுச் சளி, அலர்ஜி, ‘மூச்சு முட்டுது டாக்டர்...’

தூத்துக்குடியில் மாலை நேரத்தில் ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் உட்கார்ந்தால், ஒரே நோய்க்கு இத்தனை பெயர்கள் காதில் விழும். ‘ஆஸ்துமா’ என்ற பெயரை மட்டும் பெரும்பாலும் யாரும் உச்சரிப்பதில்லை. நோயாளி பயந்துபோய்ச் சொல்வதில்லை. வெளியே இன்னும் 30 பேர் காத்திருக்கும்போது, டாக்டருக்கும் உட்கார்ந்து விளக்க நேரமில்லை. பத்து நிமிடம் நெபுலைசர், தேவைப்பட்டால் ஒரு டெரிபிலின் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. மூச்சு சீராகிறது, மறுநாள் வேலைக்குப் போகலாம். மூன்று வாரம் கழித்து அதே இழுப்பு, சில நேரம் வேறொரு கிளினிக்கில்.

அன்றைய தினத்துக்கு இது சரியான சிகிச்சைதான். ஆனால், ஆஸ்துமா ஒருநாள் நோய் அல்ல. அது எப்போது வருகிறது, எங்கே வருகிறது, யாருக்கு வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலில்தான் நோயின் பாதி அடையாளம் இருக்கிறது. அந்த மூன்றையும் யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மாலையில் காணாமல்போகும் நோய்

ஆஸ்துமா பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் முற்றும். அந்த நேரத்தில் உடலின் இயற்கையான ஸ்டீராய்டு சுரப்பு குறைந்திருக்கும். மூச்சுக்குழாய்களும் இயல்பாகவே சற்றுச் சுருங்கும். நோயாளி கிளினிக்குக்கு வருவதோ மாலை ஏழு மணிக்கு. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். “சளி ஒண்ணும் இல்லையே” என்று அனுப்பிவிடுவார். இருவருமே பொய் சொல்லவில்லை. நோய் வருகிற நேரமும் டாக்டர் இருக்கிற நேரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். இரவில் மட்டும் விடாமல் இருமும் குழந்தைக்கு இழுப்புச் சத்தமே இல்லாமல்கூட ஆஸ்துமா இருக்கலாம். தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. குழந்தைகளுக்கு வரும் ஆரம்ப நிலைக் காசநோய்த் தொற்றைக் குறிக்கும் வார்த்தை அது. உறுதியான பரிசோதனை இல்லாமலேயே, நாள்பட்ட இருமலுக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிய குழந்தைகள் பல வீடுகளில் உண்டு. அவர்களில் சிலருக்கு இருந்தது ஆஸ்துமாவாக இருந்திருக்கலாம்.

இது தூத்துக்குடியின் பிரச்னை மட்டுமல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களிடம் ‘குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க்’ நடத்திய ஆய்வு 2022-ல் வெளியானது. இழுப்பு இருந்தவர்களில் 82 சதவிகிதம் பேருக்கு ஆஸ்துமா என்று எந்த டாக்டரும் பெயர் சொல்லியிருக்கவில்லை. கடுமையான அறிகுறிகள் இருந்தவர்களிலேயே 70 சதவிகிதம் பேருக்கு அதே நிலைமை. கடுமையாக அவதிப்பட்டவர்களில் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் 10 சதவிகிதத்துக்கும் குறைவு.

அதன் விலை என்ன? உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவிகிதம் பேர் இந்தியர்கள். உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் இந்தியர்களின் பங்கோ 42 சதவிகிதத்துக்கும் மேல். நோய் நமக்கு மட்டும் கொடூரமாக வரவில்லை. பெயர் தெரியாமல், தடுப்பு மருந்து இல்லாமல், ஊசியை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஓட்டுவதன் கணக்கு இது.

ஒரே நாளில் இரண்டு லட்சம் நோயாளிகள்

பொது மருத்துவர்களின் கிளினிக்குகளில் என்ன நடக்கிறது என்பதை நாடு முழுக்க ஒரே மூச்சில் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2011 பிப்ரவரி 1. புனேயைச் சேர்ந்த மார்பு நோய் ஆராய்ச்சி அமைப்பின் மருத்துவர் சந்தீப் சால்வி குழுவினர், 880 நகரங்களிலும் ஊர்களிலும் உள்ள சுமார் 7,400 மருத்துவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். அன்று ஒருநாள் வரும் ஒவ்வொரு நோயாளியையும், எதற்காக வந்தார் என்பதையும் குறிக்க வேண்டும். சேர்ந்தது 2,04,912 பேரின் விவரம். ‘பொசைடன்’ என்ற பெயரில் 2015-ல் ‘தி லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் முடிவு வெளியானது.

அன்று டாக்டரிடம் போனவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்கு (50.6 சதவிகிதம்) மூச்சு சம்பந்தப்பட்ட தொந்தரவு இருந்தது. ரத்த அழுத்தம் என்று கண்டறியப்பட்டவர்கள் 14.52 சதவிகிதம். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி போன்ற மூச்சுக்குழாய் அடைப்பு நோய்கள் 14.51 சதவிகிதம். இரண்டுக்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம்!

ஆனால், ரத்த அழுத்தத்துக்கு ஊரெல்லாம் கருவி இருக்கிறது. மருந்துக்கடையிலேயே பார்த்துச் சொல்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆஸ்துமாவை உறுதிசெய்ய உதவும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் எத்தனை கிளினிக்கில் இருக்கிறது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

கச்சான் அடிக்கும் ஊரில்

இனி தூத்துக்குடிக்கு வருவோம். இந்த ஊரின் காற்றுக்குத் தனி வரலாறே இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாநிலத்தின் மேற்கே மழை கொட்டும்போது, இங்கே காய்ந்த கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை. ஈரம், குளிர், கூடவே வைரஸ் காய்ச்சல்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு இரண்டுமே சோதனைக்காலம்தான்.

இயற்கை போக, மனிதன் சேர்த்தது தனி. 1979-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையம், தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து யூனிட்டுகளாக வளர்ந்தது. 2015-ல் தலா 500 மெகாவாட் கொண்ட இரண்டு யூனிட்டுகளுடன் என்.டி.பி.எல் வந்தது. இவற்றுக்காகத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அதோடு சுண்ணாம்புக்கல், உரம், மரத்தடி, இவற்றையெல்லாம் சுமந்து ஓடும் லாரிகள். 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தபோது, காற்றின் தரம் எல்லை மீறிய 102 நகரங்களின் பட்டியல் வந்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே ஊர் தூத்துக்குடி. சென்னைகூட அந்த முதல் பட்டியலில் இல்லை.

ஸ்டெர்லைட்டைத் தவிர்த்துவிட்டு இந்த ஊரில் மூச்சைப் பற்றிப் பேச முடியாது. 2013 மார்ச் 23 காலை, நகரின் பல பகுதிகளில் மக்களுக்குக் கண் எரிச்சல், தொண்டைக் கமறல், இருமல், மூச்சுத் திணறல். கந்தக டை ஆக்சைடு கசிந்தது என்ற புகாரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. ஆலை நிர்வாகம் கசிவை மறுத்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு சில மாதங்களில் மீண்டும் இயங்கியது. பிறகு, 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததும், மே 28-ல் அரசு ஆலையை மூடியதும், 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மனுவைத் தள்ளுபடி செய்ததும் எல்லோருக்கும் தெரிந்தது.

கந்தக டை ஆக்சைடைப் பொறுத்தவரை ஒரு விஷயம் முக்கியம். நல்ல நுரையீரல் உள்ளவர் பெரிதாக உணராத அளவிலேயே, ஆஸ்துமா இருப்பவரின் மூச்சுக்குழாய் சில நிமிடங்களில் சுருங்கிவிடும். எனவே, ஒருநாள் முழுமைக்கும் சராசரி எடுத்து ‘அளவு எல்லைக்குள்தான் இருந்தது’ என்று சொல்வது, அந்தப் பத்து நிமிடத்தில் திணறியவருக்குப் பதில் ஆகாது.

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஓர் ஆவணம் உண்டு. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தில் 80,000-க்கும் மேற்பட்டவர்களிடம் உடல்நிலையைக் கணக்கெடுத்தது. 2008-ல் வந்த அந்த அறிக்கையின்படி, 13.9 சதவிகிதம் பேருக்கு மூச்சு சம்பந்தப்பட்ட நோய்கள். ஆஸ்துமா வகை மூச்சுக்குழாய் அழற்சி 2.8 சதவிகிதம். மாநிலச் சராசரியாக அறிக்கை காட்டிய 1.29 சதவிகிதத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டே ‘ஆலைதான் காரணம்’ என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. அதே வட்டத்தில் லாரிப் புகையும் உண்டு, விறகு அடுப்பும் உண்டு, பீடியும் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய் எண்ணியதால்தான் இப்படி ஒரு கேள்வியாவது பிறந்தது. ஆலை மூடிக் கிடக்கும் இந்த வருடங்களில், அதே கிராமங்களில் அதே கேள்விகளைக் கேட்டு எண்ணிப் பார்த்தால், இரு தரப்பு வாதத்துக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பார்சிலோனா துறைமுகம் சொன்ன கதை

நோயாளிகளின் தேதியையும் இடத்தையும் குறித்து வைத்தால் என்ன கிடைக்கும்? அதற்கு இன்னொரு துறைமுக நகரம் பதில் சொல்லியிருக்கிறது.

1980-களில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் ஒரு விசித்திரம் நடந்தது. திடீரென்று ஒருநாள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஆஸ்துமா நோயாளிகள் குவிவார்கள். சிலர் இறந்தும்போவார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி. 1981 முதல் 1987 வரை இப்படி 26 நாள்கள். முதலில் நகரத்தின் புகை மீதுதான் சந்தேகம் போனது. பொருந்தவில்லை. ஜோசப் மரியா அந்தோ, ஜோர்டி சுன்யெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவசரப் பிரிவின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, எந்த நாளில் எந்தப் பகுதியிலிருந்து நோயாளிகள் வந்தார்கள் என்று பார்த்தார்கள். புள்ளிகள் துறைமுகத்தின் பக்கம் கூடின. துறைமுகத்தில் எந்த நாளில் எந்தச் சரக்கு இறங்கியது என்ற பட்டியலை அதோடு வைத்துப் பார்த்தபோது, விடை கிடைத்தது.

சோயா பீன்ஸ்! கப்பலிலிருந்து சோயா இறங்கிய நாள்களில்தான் நோயாளிகள் குவிந்தார்கள். துறைமுகத்தின் ஒரு தானியக் கிடங்கில் தூசு வடிகட்டி இல்லை. காற்று லேசாக ஊர்ப் பக்கம் வீசிய நாள்களில் அந்தத் தூசு நகரத்துக்குள் வந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் சோயாவுக்கு எதிரான ஒவ்வாமைக் கூறுகளும் இருந்தன. வடிகட்டி பொருத்தினார்கள். கொத்துக் கொத்தாக நோயாளிகள் வருவது நின்றது.

மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உதவியது, தேதியும் முகவரியும் எழுதிய ஒரு பதிவேடு. தூத்துக்குடியில் ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பேர் ஒரே இரவில் திணறி, பத்து வெவ்வேறு கிளினிக்குகளில் நெபுலைசர் வைத்துக்கொண்டு போனால், யாருக்குத் தெரியும்?

வேலையில் இருக்கும் விஷயம்

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்கு வேலையிடம் காரணம் என்று சர்வதேச மருத்துவ அமைப்புகள் கணித்திருக்கின்றன. தூத்துக்குடியின் தொழில்களைப் பாருங்கள். இறால், நண்டு பதப்படுத்தும் ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள். இறாலையும் நண்டையும் கழுவும்போதும் வேகவைக்கும்போதும் கிளம்பும் நீராவியில், அவற்றின் புரதம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கலந்திருக்கும். அதைத் தினமும் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை வந்து ஆஸ்துமாவாக மாறுவது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். இறால் கறுக்காமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் உப்பிலிருந்தும் கந்தக டை ஆக்சைடு வெளியாகும். குளிரூட்டும் அமோனியா இன்னொரு ஆபத்து. 2024 ஜூலையில் புதூர் பாண்டியாபுரம் பகுதி மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து, 20-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படி ஒரே ஒருமுறை அதிக அளவு வாயுவைச் சுவாசித்தவர்களுக்கும்கூட, ஆஸ்துமா போன்ற தொந்தரவு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

மர அறுவை ஆலைத் தூசியும் இதே ரகம்தான்.

இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை தேவையில்லை. “லீவு நாள்ல எப்படி இருக்கு?” என்ற ஒரே கேள்வி போதும். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா விடுமுறையிலும் மூச்சு லேசாகி, வேலைக்குப் போன இரண்டாம் நாள் மறுபடி இழுத்தால், வேலையிடத்தைச் சந்தேகிக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து அந்தத் தூசியிலிருந்து விலகினால் குணமாக வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேலையை விட்ட பிறகும் நோய் நிற்காது. பதப்படுத்தும் அறையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொடுப்பதே சிலருக்குப் பெரிய சிகிச்சை. அதற்கு டாக்டரின் சீட்டில் ‘வீசிங்’ என்று எழுதினால் போதாது.

கடலுக்கு வருவோம். இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்தல் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளித்தல் இன்றும் உண்டு. கம்ப்ரெஸரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சுவாசித்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஆஸ்துமாவால் அடைபட்ட சிறு குழாய்களுக்குப் பின்னால் காற்று சிக்கிக்கொண்டால், விரிய இடமின்றி நுரையீரலைக் கிழித்துவிடும். சங்கு குளிக்கும் ஒருவர் “லேசா இளைப்பு” என்று சொன்னால், அது லேசான விஷயம் இல்லை.

வீட்டுக்குள்ளே...

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி ஊறிய சுவர்களில் கறுப்பாகப் படரும் பூஞ்சை, ஆஸ்துமாவைத் தூண்டும் முக்கியக் காரணிகளில் ஒன்று. பெயின்ட் அடித்து மறைத்தால் போகாது. ஈரம் வரும் வழியை அடைத்து, சுரண்டி எடுக்க வேண்டும். கடலோர ஈரத்தில் மெத்தை, தலையணையில் செழிக்கும் தூசுப்பூச்சிகளும் அப்படித்தான். வெயிலில் காயப்போடும் பழைய பழக்கம் நல்ல பழக்கம். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள், குறைந்தது 75 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொசுவலை கட்டிவிடலாமே!

இன்ஹேலர் என்றால் ஏன் பயம்?

“ஒரு தடவை அடிச்சா விடவே முடியாதாமே?” “கடைசி ஸ்டேஜுக்குத்தான் அது!” கல்யாண வயதுப் பெண் என்றால், இன்ஹேலரைக் கைப்பையின் அடியில் ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஊசி போட்ட தழும்பு தெரியாது, இன்ஹேலர் தெரிந்துவிடும் என்பதுதான் கணக்கு. அபத்தம்தான், ஆனால் அதற்கு விலை கொடுப்பது அந்தப் பெண்ணின் நுரையீரல்.

கணக்கு எப்படி என்று பாருங்கள். திணறல் முற்றியபோது கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, ஒருநாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். அதாவது 40,000 மைக்ரோகிராம், உடல் முழுக்கப் பரவும். தடுப்பு இன்ஹேலரில் ஒருநாளைக்குத் தேவைப்படுவது பலருக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடிக்கடி ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரைத் தவிர்ப்பவர்கள், நூறு மடங்கு ஸ்டீராய்டை ஊசியிலும் மாத்திரையிலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்ஹேலரிலும் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சால்பூட்டமால் உள்ளது உடனடி நிவாரணம் மட்டும். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அது குறைக்காது. நீண்டகாலம் அதை மட்டுமே நம்புவது ஆபத்து என்பதால், 2019-ல் ‘ஜினா’ என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, நிவாரண இன்ஹேலரைத் தனியாகப் பரிந்துரைப்பதைக் கைவிட்டது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் அவசியம் என்கிறது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வருடக்கணக்கில் நிவாரண இன்ஹேலரை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை கடைக்குப் பதில் டாக்டரிடம் போவது நல்லது.

ஒரு நோட்டு போதும்

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் ஒரு மாதத்துக்குக் குறித்து வையுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு இழுத்தது. இரவில் எழுந்து உட்கார்ந்தீர்களா. அன்று வேலை நாளா, விடுமுறையா. காற்று எந்தப் பக்கம், புகை வாடை ஏதாவது அடித்ததா. என்ன மருந்து எடுத்தீர்கள். ஊதிப் பார்க்கும் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்ற சிறிய பிளாஸ்டிக் கருவியை டாக்டரிடம் கேட்டு வாங்கி, காலையும் மாலையும் ஊதி அந்த எண்ணையும் எழுதலாம். வேலை நாளில் இறங்கி, விடுமுறையில் ஏறும் எண்கள் இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் மறக்காமல் காட்டுங்கள். உப்பள வேலை, மூட்டை தூக்கும் வேலை என்று உடல் வலிக்குப் பலரும் விழுங்கும் வலிமாத்திரைகள், ஆஸ்துமா உள்ள சிலருக்குத் திடீர்த் திணறலைக் கொண்டுவரும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ‘பீட்டா பிளாக்கர்’ வகையும் இழுப்பை அதிகமாக்கக்கூடும். தானாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இடையில் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண இன்ஹேலர் அடித்தும் அடங்காவிட்டாலோ, சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தவர் மூச்சு சீராகாமலேயே திடீரென்று அமைதியானாலோ, மாலை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதுதான் மிக ஆபத்தானது. இழுப்புச் சத்தம் நின்றது குணமானதால் அல்ல, காற்றே போகாததால். உடனே 108-ஐ அழையுங்கள்.